கருமடுவில் முதலில் இறங்குவது யார்?

ஒரு காட்டில் ஓர் ஆறு இருந்தது. இருந்தது என்று சொல்வதே கொஞ்சம் அதிகம்தான், குழந்தைகளே. மழைக்காலத்தில் இருக்கும். பங்குனி பிறந்துவிட்டால் மணலும் கூழாங்கல்லும் மட்டும் கிடக்கும். ஆறு எந்தப் பக்கம் போனது என்று ஆற்றுக்கே தெரியாது.

அப்போது காட்டு விலங்குகள் எல்லாம் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஒரே இடத்துக்கு வரும். அந்த இடத்துக்குக் கருமடு என்று பெயர். ஆற்றின் வளைவில், பாறைகளுக்கு நடுவில், எந்த வெயிலுக்கும் வற்றாத ஆழமான மடு அது.

அவ்வளவு தண்ணீர் இருக்கும் இடத்தில் முதலை இல்லாமல் இருக்குமா? ஒரு முதலை இருந்தான். கல்முதுகன் என்று பெயர். மிதக்கும்போது பாறை மாதிரியே இருப்பான். பாறை என்று நினைத்துக் கொக்குகள் வந்து உட்காரும். உட்கார்ந்ததைப் பார்த்தவர்கள் உண்டு, எழுந்து பறந்ததைப் பார்த்தவர்கள் இல்லை. கல்முதுகனுக்கு இருந்த ஒரே குணம் பொறுமை. அந்த ஒரு குணத்தை வைத்துக்கொண்டே அவன் அவ்வளவு பெரியவனாக வளர்ந்திருந்தான்.

அதே மடுவுக்குத் தண்ணீர் குடிக்க வரும் புள்ளிமான் மந்தைக்குத் தலைவன் கிளைக்கொம்பன். அவனுக்கு இருந்த ஒரே குணம் அவசரம். மற்ற மான்கள் ஒரு வாய் புல்லை மென்று முடிப்பதற்குள் அவன் அடுத்த மேய்ச்சலுக்குக் கிளம்பி நிற்பான். ஆனால் நல்லவன். மந்தைமீது உயிரையே வைத்திருந்தான். அதிலும் மகள் தளிரி என்றால் கேட்கவே வேண்டாம். அவள் அந்தக் கோடையில் முதல் குட்டியை வயிற்றில் சுமந்துகொண்டிருந்தாள்.

மானும் முதலையும் ஒரே மடுவை எப்படிப் பங்கிட்டுக்கொண்டன என்று கேட்கிறீர்களா? அதற்கு ஓர் ஏற்பாடு இருந்தது. மான்கள் ஒரு கரையில் இறங்கினால் அங்கிருக்கும் மீன்கள் எல்லாம் பயந்து எதிர்க்கரைக்கு ஓடும். எதிர்க்கரையில் கல்முதுகன் வாயைத் திறந்து வைத்துக் காத்திருப்பான். மான்களுக்குத் தண்ணீர், முதலைக்கு மீன். ஆகவே இன்று யாருக்கு எந்தக் கரை என்று தினமும் காலையில் இரண்டு தரப்பும் பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும்.

பேசுவது எப்படி? முதலை தண்ணீருக்கு அடியில் தொண்டையை அதிரவைத்துப் பேசும், குமிழி விட்டுப் பேசும், வாலை அசைத்துப் பேசும். மான்களுக்கு அது ஒரு மண்ணும் புரியாது.

இரண்டு மொழியும் தெரிந்தவள் ஈரமூக்கி என்ற நீர்நாய். பாதி நேரம் தண்ணீரில், பாதி நேரம் கரையில் என்று வாழ்கிறவள். அவளுக்கு இருந்த ஒரே குணம் நிதானம். கல்முதுகனுக்கு எட்டாத தூரத்தில் மூழ்கி, அவனிடம் கேட்டு, பதில் வாங்கிக்கொண்டு கரைக்கு வருவாள். தொண்டையில் சிக்கிய தண்ணீரை "க்கும்" என்று செருமிவிட்டு, மான் மொழியில் சொல்வாள்.

சொன்னதோடு அவள் வேலை முடியாது. அந்தக் காட்டில் ஒரு வழக்கம் இருந்தது. முதலையின் சொல்லை யார் கொண்டுவருகிறார்களோ, அவர்களே முதலில் தண்ணீரில் இறங்க வேண்டும். கரையோரமாக இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நீந்திக் காட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் மந்தை இறங்கும். மான்கள் இறங்கியதும் கலங்கிப் பாயும் மீன்களில் அவளுக்கும் அவள் குட்டிகளுக்கும் வேண்டியதை அவள் பிடித்துக்கொள்வாள். அதுதான் கூலி.

கிளைக்கொம்பனுக்கு இந்த ஏற்பாட்டில் ஒரே ஒரு குறை. நேரமாகிறது!

"என்னம்மா ஈரமூக்கி, இன்னும் எவ்வளவு நேரம்?" என்று தினமும் கரையில் நின்று குளம்பால் மண்ணைக் கிளறுவான்.

"இருங்கள் தலைவரே. இன்னொரு முறை கேட்கிறேன்."

"அதுதான் கேட்டாயே!"

"கேட்டேன். மேற்கே இருப்பேன் என்கிறான். ஆனால் குமிழி நடு மடுவிலிருந்து வருகிறது. எதற்கும் இன்னொரு முறை கேட்டுவிடுகிறேன்."

மறுபடி மூழ்குவாள். வெயில் ஏறும். தாகத்தில் குட்டிகள் தாய்களின் வயிற்றை முட்டும். கிளைக்கொம்பனுக்குக் காது மடல்வரை கோபம் சூடேறும். என்ன பெரிய கேள்வி! எந்தக் கரை என்று கேட்க இவ்வளவு நேரமா?

இப்படிப் பல கோடைகள் போயின. பல கோடைகளிலும் ஒரு மான்குட்டியின் குளம்புகூட முதலை வாயில் சிக்கவில்லை. அதை மட்டும் கிளைக்கொம்பன் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. நடக்காத விபத்தை யார்தான் நினைத்துப் பார்க்கிறார்கள்?

கருமடுவின் கரையில் ஒரு பெரிய நீர்மருது மரம் நின்றது. அந்த மரத்தில் ஒரு பெட்டி கட்டியிருந்தது. எப்போதோ சில மனிதர்கள் வந்து கட்டிவிட்டுப் போனார்கள். அதன் தலையில் வெயிலைப் பார்த்தபடி ஒரு தகடு. அதன் காலிலிருந்து ஒரு கறுப்புக் கம்பி இறங்கி மடுவுக்குள் போனது. எதற்காகக் கட்டினார்கள், ஏன் திரும்பி வரவில்லை என்று யாருக்கும் தெரியாது. பெட்டி சும்மா இருந்தது. எல்லோரும் அதை மரத்தின் ஒரு முண்டு என்றே நினைத்துப் பழகிவிட்டார்கள்.

சும்மா இருக்கும் எதையும் சும்மா விடாத ஒருவன் அந்தக் காட்டில் உண்டு. துள்ளான் என்ற குரங்கு. புதிதாக எதைக் கண்டாலும் குதிப்பான், அது ஒன்றுதான் அவன் குணம். ஒருநாள் காலையில் அவன் அந்தப் பெட்டியைத் தட்டினான், தடவினான், நகத்தால் நோண்டினான், கடைசியில் பல்லால் கடித்தான்.

"க்கும்," என்றது பெட்டி.

கீழே நின்ற மந்தை ஒரே தாவில் பின்னால் போய் விழுந்தது. துள்ளான் உச்சிக் கிளைக்கு ஓடிவிட்டான்.

"வணக்கம்," என்றது பெட்டி, சுத்தமான மான் மொழியில். "இந்த மடுவில் பேசப்படும் எல்லா மொழிகளையும் நான் கேட்டுக் கற்றிருக்கிறேன். யாரிடம் என்ன சொல்ல வேண்டும்?"

மரத்தின் முண்டு பேசினால் உங்களுக்கு எப்படி இருக்கும்? கிளைக்கொம்பனுக்கு நாலு காலும் நாலு பக்கம் போனது. வாய் திறந்தது, மூட மறந்தது.

அவனைவிட அதிகமாக அதிர்ந்துபோனவள் ஒருத்தி உண்டு. அப்போதுதான் ஈரமூக்கி தண்ணீரிலிருந்து தலையை நீட்டினாள். அவள் வாயிலிருந்த மீன் நழுவி விழுந்தது.

"அது... அது என் குரல்!" என்றாள்.

உண்மைதான். அதே மெல்லிய குரல். அதே இழுப்பு. பேசுவதற்கு முன் அதே செருமல். ஈரமூக்கிக்குத் தொண்டையில் தண்ணீர் சிக்கும், செருமுவாள். பெட்டிக்குத் தொண்டை ஏது? தண்ணீர் ஏது? அவள் தண்ணீருக்குள் முதலையிடம் கேட்டதையும், கரைக்கு வந்து மான்களிடம் சொன்னதையும் கோடைதோறும் கேட்டுக்கேட்டு, சொற்களோடு செருமலையும் சேர்த்துப் பெட்டி எடுத்து வைத்திருந்தது. எடுக்கலாமா என்று அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தன் தோலை யாரோ உரித்துப் போர்த்திக்கொண்டு எதிரில் நிற்பதுபோல அவளுக்கு இருந்தது.

ஆனால் கிளைக்கொம்பன் அவள் பக்கம் பார்க்கவே இல்லை. அவன் கண் பெட்டியின்மீதே இருந்தது.

"முதலையிடம் கேள்," என்றான். "இன்று எந்தக் கரையில் இருப்பான்?"

கம்பி வழியாகத் தண்ணீருக்குள் ஏதோ அதிர்ந்தது. நடு மடுவில் இரண்டு கண்கள் சட்டென்று மேலே வந்தன. கல்முதுகனும் திடுக்கிட்டிருக்க வேண்டும். பிறகு குமிழிகள் வந்தன.

"'மேற்குப் பாறையடியில் இருப்பேன்,' என்கிறார்," என்றது பெட்டி. "'அந்தக் கிழட்டுக் கொம்பனின் தொடை சுள்ளி மாதிரி ஆகிவிட்டது. தண்ணீரைக் குடித்துக் கொஞ்சம் சதை போடச் சொல். அவன் மகள் பரவாயில்லை, உருண்டு திரண்டு வருகிறாள்,' என்றும் சொல்கிறார்."

தளிரி அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தாள்.

"இப்படியா பேசுகிறான்?" என்று கத்தினான் கிளைக்கொம்பன். இப்போதுதான் அவன் ஈரமூக்கியைத் திரும்பிப் பார்த்தான். "இத்தனை கோடையும் இப்படித்தான் பேசினானா?"

"தினமும் ஏதாவது சொல்வான், தலைவரே."

"எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே நீ!"

"உங்களுக்குத் தண்ணீர் வேண்டும். அதற்கு வேண்டியதைச் சொன்னேன். மற்றதை நானே விழுங்கிக்கொண்டேன்."

"விழுங்கினாயா? மறைத்தாய் என்று சொல்! பாதியைச் சொல்லி மீதியை மறைக்க உனக்கு ஒரு காலைப் பொழுது வேண்டியிருந்தது. இந்தப் பெட்டியைப் பார், கேட்டதும் சொல்கிறது. முழுதாகச் சொல்கிறது!"

"மூச்சு வாங்காமல் சொல்கிறது!" என்று மேலிருந்து கூவினான் துள்ளான். பயம் போய் அவனுக்குக் குஷி வந்துவிட்டது. "மீன் கேட்காமல் சொல்கிறது! வாழ்க பெட்டி!"

"வாழ்க!" என்றது மந்தை.

ஈரமூக்கி சண்டை போடவில்லை. கரையில் ஏறி உடம்பை உதறிக்கொண்டாள்.

"க்கும். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன், தலைவரே. பெட்டி சொன்ன பிறகு முதலில் யார் இறங்குவார்கள்?"

துள்ளான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "பெட்டி எப்படியம்மா இறங்கும்? மரத்தில் கட்டிப் போட்டிருக்கிறதே!"

மந்தையும் சிரித்தது. கிளைக்கொம்பனும் சிரித்தான். "இனி முதலும் இல்லை, கடைசியும் இல்லை. அது சொன்னதும் எல்லோரும் இறங்குவோம். தாகம் யாரைக் கேட்டு வருகிறது? நீ போய்வா அம்மா."

ஈரமூக்கி போனாள். போகாமல் என்ன செய்வாள்? சொல் கொண்டு வருகிறவள் என்பதால்தான் கல்முதுகன் அத்தனை நாளும் அவளைத் தொடாமல் விட்டிருந்தான். அந்த வேலை போய்விட்டால் கருமடுவில் அவளும் ஓர் இரைதான். கரையோரப் பொந்திலிருந்து குட்டிகளை ஒவ்வொன்றாகக் கழுத்தைக் கவ்வி வெளியே எடுத்தாள். மான்கள் குடிப்பதில் மும்முரமாக இருந்தன. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அதன் பிறகு கருமடுவில் ஒரே கொண்டாட்டம். விடிந்ததும் கிளைக்கொம்பன் கேட்பான். பெட்டி பதில் சொல்லும். மந்தை தடதடவென்று இறங்கும். வெயில் ஏறும் முன்பே எல்லோரும் குடித்து முடித்து நிழலுக்குப் போய்விடுவார்கள். குட்டிகளின் தோல் மினுமினுத்தது. 'இவ்வளவு காலம் அந்த நீர்நாயை நம்பி வெயிலில் வெந்தோமே,' என்று மூத்த மான்கள் அங்கலாய்த்தன. கிளைக்கொம்பன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தான். அவசரக்காரனுக்கு அவன் வேகத்துக்கு ஒரு துணை கிடைத்துவிட்டது அல்லவா!

கல்முதுகன் தினமும் மேற்குக் கரை என்றால் மேற்கில் இருந்தான், கிழக்குக் கரை என்றால் கிழக்கில் இருந்தான். தண்ணீருக்கு மேலே இரண்டு கண்கள் மட்டும் தெரியும். அந்தக் கண்கள் மான்களைப் பார்க்கவில்லை. ஈரமூக்கி வழக்கமாக இறங்கும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தன. கிளைக்கொம்பனும் அதைக் கவனித்தான்.

"பாவம், நீர்நாயைத் தேடுகிறான் போலிருக்கிறது," என்று சொல்லிச் சிரித்தான்.

சொல்லவே எனக்கு வாய் கூசுகிறது, குழந்தைகளே. அவன் சிரித்தான்.

ஒருநாள் காலையில் காற்றே இல்லை. இரவெல்லாம் மந்தை புழுக்கத்தில் புரண்டிருந்தது. சினையாக இருந்த மான்களுக்குத்தான் பாடு அதிகம். தளிரி நிற்க முடியாமல் நின்றாள்.

கிளைக்கொம்பனுக்கு மனம் இளகியது. "இன்றிலிருந்து வயிற்றில் குட்டி இருப்பவர்கள் முதலில் குடிக்கட்டும். மற்றவர்கள் பிறகு," என்றான். எவ்வளவு நல்ல எண்ணம் பாருங்கள்!

பெட்டியிடம் கேட்டான். தண்ணீர் அதிர்ந்தது. குமிழிகள் வந்தன.

"'கிழக்குக் கரைக்கு இன்று நான் வரமாட்டேன். வயிறு நிறைந்திருக்கிறது. மேற்குப் பாறையடியில் படுத்துத் தூங்கப் போகிறேன்,' என்கிறார்," என்றது பெட்டி, ஈரமூக்கியின் குரலில்.

"கேட்டீர்களா? தூங்கப் போகிறானாம். தளிரி, நீ முதலில் போ அம்மா."

தளிரி கிழக்குக் கரைக்கு வந்தாள். தண்ணீருக்கு ஓர் அடி முன்னால் நின்றாள். நின்றவள் நின்றுகொண்டே இருந்தாள். அவள் கண்கள் தண்ணீரில் எதையோ தேடின.

"என்னம்மா?"

"இல்லை அப்பா... ஈரமூக்கி அத்தை நீந்திக் காட்டிய பிறகுதான் நான் எப்போதும் இறங்குவேன். தினமும் எல்லோரோடும் சேர்ந்து ஓடியபோது தெரியவில்லை. இன்று தனியாக இறங்க என்னவோ போல இருக்கிறது."

"அதெல்லாம் பழைய வழக்கம். குரல் அவள் குரல்தானே? இறங்கம்மா. வெயில் வந்துவிடும்."

அப்பா சொன்னார். தளிரி இறங்கினாள்.

முன்னங்கால்கள் நனைந்தன. கழுத்தைத் தாழ்த்தினாள். உதடு தண்ணீரைத் தொட்டது.

தண்ணீர் வெடித்தது.

பாறை ஒன்று எழுந்து வாயைத் திறந்ததுபோல இருந்தது. "அப்—" என்ற பாதிச் சொல்தான் வெளியே வந்தது. மீதிப் பாதி தண்ணீருக்குள் போய்விட்டது. வால் ஒரு முறை அடித்தது. கரையெல்லாம் சேறு தெறித்தது. அவ்வளவுதான். மந்தை காட்டுக்குள் சிதறி ஓடுவதற்குள் மடு மறுபடி அசையாமல் படுத்துக்கொண்டது.

கிளைக்கொம்பன் ஓடவில்லை. ஓட வேண்டும் என்றே அவனுக்குத் தோன்றவில்லை. மகள் நின்ற இடத்தில் இரண்டு குளம்படிகள் இருந்தன. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவற்றில் தண்ணீர் ஊறி நிறைந்தது.

பிறகு அவன் அலறியபடி நீர்மருது மரத்தடிக்குப் போனான். கொம்பால் மரத்தை முட்டினான்.

"என்ன சொன்னாய்? நீ என்ன சொன்னாய்?"

"க்கும். 'கிழக்குக் கரைக்கு இன்று நான் வரமாட்டேன். வயிறு நிறைந்திருக்கிறது. மேற்குப் பாறையடியில்—'"

"அது பொய்!"

"அவர் சொன்ன சொற்கள் அவைதான். மொழிபெயர்ப்பில் பிழை இல்லை."

"அது பொய் என்று நீ ஏன் சொல்லவில்லை?"

"பொய்யா என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவரிடம் கேட்டுச் சொல்லியிருப்பேன்."

கிளைக்கொம்பனுக்குக் கோபம்கூட வரவில்லை. அந்தக் குரலில் ஒரு பதற்றம் இல்லை, ஒரு நடுக்கம் இல்லை. சற்று முன் என்ன நடந்தது என்று அதற்குத் தெரிந்ததாகவே காட்டவில்லை. தளிரி பிறந்த அன்று கரைக்கு வந்து 'குட்டி அப்படியே உங்கள் ஜாடை, தலைவரே' என்று சொன்ன அதே குரல். அந்தக் குரலா இப்படிப் பேசுகிறது?

"அவனிடம் கேள்," என்றான். வார்த்தை வார்த்தையாகத்தான் வந்தது. "இத்தனை கோடையும் இல்லாமல் இன்றைக்கு மட்டும் ஏன் பொய் சொன்னான் என்று கேள்."

தண்ணீர் அதிர்ந்தது. மேற்குப் பாறையடியிலிருந்து, மெதுவாக, நிம்மதியாக, குமிழிகள் வந்தன.

"அவர் சொல்கிறார்," என்றது பெட்டி. "'இத்தனை கோடையும் நான் பொய் சொல்லியிருந்தால் எனக்கு என்ன கிடைத்திருக்கும்? ஒரு நீர்நாய். ஒரே வாய். அதைப் பார்த்ததும் மந்தை ஓடிவிடும், மறுபடி வராது, மீனும் போய்விடும். யாராவது அப்படி நஷ்டப்படுவார்களா? அதனால் உண்மையைச் சொன்னேன். இப்போது முன்னால் யாரும் வருவதில்லை. அது நிஜம்தானா என்று சில நாள் பார்த்தேன். நிஜம்தான். இனி பொய் சொன்னால் மானே கிடைக்கும்.' இவ்வளவுதான் சொன்னார். மொழிபெயர்ப்பு முடிந்தது. வேறு ஏதாவது கேட்க வேண்டுமா?"

கிளைக்கொம்பன் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான்.

மறுநாள் மந்தை மடுவுக்குப் போகவில்லை. தாகத்தில் ஒரு குட்டி மயங்கி விழுந்தது. இதற்கு மேல் பொறுக்க முடியாது. காட்டில் வேறு தண்ணீரும் கிடையாது.

கிளைக்கொம்பன் துள்ளானைக் கூப்பிட்டான்.

"பெட்டியின் சொல்லைக் கொண்டுவந்தவன் நீ. அது மூச்சு வாங்காமல் சொல்கிறது என்று கூத்தாடியவன் நீ. இன்று நீ முதலில் இறங்கு."

"நானா?" துள்ளான் அலறிக்கொண்டு மூன்று கிளை மேலே போனான். "நான் பெட்டியைத் தட்டினேன், அவ்வளவுதான்! அதை நம்பச் சொல்லி நானா சொன்னேன்? பெட்டியும் சரியாகத்தானே சொன்னது! எனக்கு நீந்த வேறு தெரியாது!"

அதற்குப் பிறகு அந்தப் பக்கமே அவனைக் காணோம்.

கிளைக்கொம்பன் ஈரமூக்கியின் பொந்துக்கு ஓடினான். போகும் வழியெல்லாம் என்ன பேசுவது என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனான். 'அம்மா, என்னை மன்னித்துவிடு' என்று ஆரம்பிக்கலாம். 'உன் மீனை நானே விரட்டித் தருகிறேன்' என்று சொல்லலாம். காலில் விழவும் தயாராக இருந்தான்.

பொந்து காலியாக இருந்தது. வாசலில் காய்ந்த மீன் செதில்கள் ஒட்டிக் கிடந்தன. சிலந்தி ஒன்று குறுக்கே வலை பின்னி முடித்திருந்தது.

"யாரைத் தேடுகிறீர்கள்? நீர்நாயம்மாவையா?" என்று புதரிலிருந்து ஒரு கௌதாரி கேட்டது. "அன்றைக்கே குட்டிகளைக் கூட்டிக்கொண்டு மலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டாளே. சின்னக் குட்டிக்கு நடக்க முடியவில்லை, வெயிலில் சுருண்டு சுருண்டு விழுந்தது."

"எப்போது வருவதாகச் சொன்னாள்?"

"வருவதாகச் சொல்லவில்லையே," என்றது கௌதாரி.

கிளைக்கொம்பன் மலையைப் பார்த்தான். அந்த உயரத்தில் ஒரு நீர்நாயின் குட்டைக் கால்களைத் தேடி எங்கே போவது? அவள் அங்கேதான் இருப்பாள், கூப்பிட்டால் வருவாள் என்றே அவன் நினைத்திருந்தான். வேலையைப் பிடுங்கிக்கொண்டால் வேலைக்காரி வாசலிலேயே காத்திருப்பாள் என்று நினைக்கிறவர்களை என்னவென்று சொல்வது!

மறுநாள் விடிந்தது. மந்தை கருமடுவின் கரையில் வந்து நின்றது. எல்லாக் கண்களும் கிளைக்கொம்பன்மீது இருந்தன.

அவன் பெட்டியிடம் கேட்டான். பெட்டி முதலையிடம் கேட்டது.

"'மேற்கே இருப்பேன்,' என்கிறார்," என்றது அந்தக் குரல்.

குரல் வந்தது. குரலுக்கு உரியவள் வரவில்லை. கிழக்குக் கரைத் தண்ணீர் யாரும் நீந்தாமல் வெறுமையாகக் கிடந்தது.

"எல்லோரும் அங்கேயே நில்லுங்கள்," என்றான் கிளைக்கொம்பன். "இந்தச் சொல்லை உங்களிடம் கொண்டுவந்தவன் நான். நான் இறங்குகிறேன்."

இறங்கினான். முன்னங்கால்கள் நனைந்தன. மகளின் குளம்படிகள் இருந்த இடத்தைத் தாண்டினான். வயிறு நனைந்தது. தண்ணீர் குளிர்ந்திருந்தது. வாழ்நாளில் முதல் தடவையாக அவன் அந்த மடுவைத் தனியாக உள்ளே நின்று பார்த்தான். கரையில் நின்று பார்க்கும்போது தண்ணீராகத் தெரிந்தது, இங்கே ஒவ்வொரு நிழலும் கல்முதுகனாகத் தெரிந்தது. ஒரு தவளை குதித்தது, அவன் உயிர் கொம்புக்கு ஏறி இறங்கியது. ஈரமூக்கி தினமும் இதில்தான் நீந்தினாளா? இதற்குள் இருந்தவளையா அவன் கரையில் நின்று அவசரப்படுத்தினான்?

அப்போதுதான் பார்த்தான். மேற்கே இருப்பதாகச் சொன்னவனின் குமிழிகள் நடு மடுவிலிருந்து வந்துகொண்டிருந்தன.

கிளைக்கொம்பன் அசையாமல் நின்றான். வெயில் மெல்ல ஏறியது. கரையில் ஓர் இளம் ஆண்மான் பொறுமை இழந்து குளம்பால் மண்ணைக் கிளறியது.

"தலைவரே, குட்டிகள் தவிக்கின்றன. பெட்டிதான் சொல்லிவிட்டதே! இன்னும் எவ்வளவு நேரம்?"

கிளைக்கொம்பன் பதில் சொல்ல வாயைத் திறந்தான். தொண்டையில் ஏதோ அடைத்துக்கொண்டது.

"க்கும்," என்று செருமினான். "இருங்கள். இன்னொரு முறை கேட்கிறேன்."

நீதி: சொல் பிழையில்லாமல் வந்தால் மட்டும் போதாது. அதற்குத் தன் உயிரைப் பொறுப்பாக வைத்து முன்னால் நிற்க ஒருவர் வேண்டும்.